மாநாட்டு மண்டபத்திலிருந்து தோட்ட மருந்தகம் வரை

வானொலிச் செய்தியிலும் நாளிதழிலும் ‘அனைத்துலக மாநாடு’ என்னும் சொற்றொடரை நாம் அடிக்கடி கேட்கிறோம், படிக்கிறோம். எங்கோ ஒரு நகரில் அறிஞர்களும் அமைச்சர்களும் கூடினார்கள். மூன்று நாள் பேசினார்கள். அறிக்கை ஒன்றை வெளியிட்டுக் கலைந்தார்கள் என்பதோடு அச்செய்தி முடிந்துவிடும். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பால் மரத்தை வெட்டி, வாளி சுமந்து, வயிறு வளர்க்கும் பாட்டாளிக்கு, “இவர்கள் பேச்சால் எனக்கு ஆகப்போவது என்ன?” என்ற ஐயம் எழுவது இயற்கையே.

அந்த ஐயம் நியாயமானது. எத்தனையோ மாநாடுகள் பேச்சோடு முடிந்திருக்கின்றன. ஆயினும், சில கூட்டங்களின் முடிவுகள் பல்லாயிரம் மைல் கடந்து, நம் வீட்டுச் சோற்றுப் பானையையும் நம் பிள்ளைகளின் உடல்நலத்தையும் தொட்டிருக்கின்றன. அரசாங்கம் அல்லாத ஓர் அமைப்பு, அதாவது ஓர் அறவாரியம், கூட்டிய மாநாடுகள் நாடுகளின் கொள்கையையும் மக்களின் பொது வாழ்வையும் எவ்வாறு மாற்றின என்பதை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு இங்கு விளக்குவோம்.

அறவாரியம் என்பது யாது?

ஒருவரோ பலரோ ஒரு நற்காரியத்திற்கென்று பெருந்தொகையை ஒதுக்கி, அதைச் சட்டப்படி பதிவு செய்து, அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கின்றனர். அத்தொகை முதலீடு செய்யப்படுகிறது. அதன் வருவாயைக் கொண்டு கல்வி, மருத்துவம், ஆய்வு போன்ற பணிகள் நடைபெறுகின்றன. இதுவே அறவாரியம். நம் நாட்டில் 1966ஆம் ஆண்டில் சட்டத்தின் வழி அமைக்கப்பட்ட துங்கு அப்துல் ரஹ்மான் அறவாரியம், பல்கலைக்கழக மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்குவதை அன்பர்கள் பலர் அறிவர்.

அமெரிக்க எண்ணெய்ச் செல்வந்தர் ஜான் டி. ராக்பெல்லர் 1913ஆம் ஆண்டில் நிறுவிய ராக்பெல்லர் அறவாரியம் உலகில் புகழ்பெற்றது. தோட்ட மக்களுக்கும் இதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இவ்வறவாரியத்தின் சுகாதாரப் பிரிவு அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று, 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய இடங்களில் கொக்கிப்புழு நோயையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. அன்றைய தோட்டங்களில் நம் முன்னோரை வெளிறச் செய்து, வலுவிழக்கச் செய்த நோய் அதுவேயாகும்.

ஏரிக்கரை மாளிகை

இத்தாலி நாட்டின் வடபகுதியில் கோமோ என்ற ஏரி உள்ளது. அதன் கரையில் அமைந்த பெல்லாஜியோ என்னும் சிற்றூரில் செர்பெல்லோனி மாளிகை நிற்கிறது. 1959ஆம் ஆண்டில் அதன் உரிமையாளரான சீமாட்டி ஒருவர் அம்மாளிகையை ராக்பெல்லர் அறவாரியத்திற்கு அளித்தார். அன்று முதல் அது மாநாட்டு இல்லமாகப் பயன்பட்டு வருகிறது.

அங்கு ஆயிரக்கணக்கானோர் கூடும் பெருமாநாடுகள் நடைபெறுவதில்லை. ஒரு சமயத்தில் இருபது முப்பது பேர் மட்டுமே அழைக்கப்படுவர். அவர்கள் சில நாட்கள் ஒரே கூரையின் கீழ்த் தங்கி, ஒரே மேசையில் உண்டு, ஒரு பொருளைப் பற்றியே விவாதிப்பர். இவ்வாறு நடந்த கூட்டங்களுள் இரண்டை இங்கே பார்ப்போம்.

1969: சோற்றுப் பானையைத் தொட்ட கூட்டம்

ஆசிய நாடுகளில் மக்கள்தொகை விரைந்து பெருகி, விளைச்சல் அதற்கு ஈடாக உயராதிருந்த காலம் அது. போர்டு அறவாரியமும் ராக்பெல்லர் அறவாரியமும் பிலிப்பைன்ஸ் அரசாங்கத்துடன் இணைந்து, 1960ஆம் ஆண்டில் லாஸ் பானோஸ் நகரில் அனைத்துலக நெல் ஆய்வு நிலையத்தை நிறுவின. அந்நிலையம் 1966ஆம் ஆண்டில் ‘ஐ.ஆர்.8’ என்ற நெல் வகையை வெளியிட்டது. பழைய நெல் வகைகள் உயரமாக வளரும். உரமிட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 குட்டையான, தண்டு உறுதியான பயிர். உரத்தை ஏற்றுச் சாயாமல் நின்று, குறைந்த நாளில் கூடுதலாக விளைந்தது. மலேசியாவில் இந்நெல்லுக்கு ‘ரியா’ எனப் பெயரிடப்பட்டது.

இதே போன்று மெக்சிகோவில் கோதுமைக்கும் சோளத்திற்கும் ஒரு நிலையமும், நைஜீரியாவிலும் கொலம்பியாவிலும் வெப்ப மண்டல வேளாண்மைக்கென நிலையங்களும் தோன்றின. நான்கு நிலையங்களையும் இரண்டு அறவாரியங்களே நெடுங்காலம் தாங்குவது இயலாததாயிற்று. பணம் நின்றால் ஆய்வும் நின்றுவிடும். இந்நிலையில், 1969ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், உலக வங்கி, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மைக் கழகம் முதலிய உதவி அமைப்புகளின் தலைவர்கள் பெல்லாஜியோவிற்கு அழைக்கப்பட்டனர். அப்போதைய உலக வங்கித் தலைவர் ராபர்ட் மெக்னமாராவும் வந்திருந்தார். ஆய்வாளர்கள் தங்கள் பணியை அவர்கள் முன் எடுத்துரைத்தனர்.

அதனைத் தொடர்ந்து மேலும் சில கூட்டங்கள் நடந்தன. 1971ஆம் ஆண்டு மே மாதம், அனைத்துலக வேளாண் ஆய்வுக்கான ஆலோசனைக் குழு அமைந்தது. இரண்டு அறவாரியங்கள் சுமந்த பொறுப்பைப் பல நாட்டு அரசாங்கங்களும் உலக அமைப்புகளும் பகிர்ந்துகொண்டன. இக்குழுவைச் சார்ந்த உலக மீன் ஆய்வு மையம் 2000ஆம் ஆண்டில் தன் தலைமையகத்தை நம் நாட்டின் பினாங்கு மாநிலத்திற்கு மாற்றிக்கொண்டது. இத்தாலிய ஏரிக்கரையில் இட்ட வித்தின் ஒரு கிளை இன்று நம் மண்ணிலும் இருக்கிறது.

1984: குழந்தைகளைக் காத்த கூட்டம்

காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண இசிவு, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை ஆகிய ஆறும் குழந்தைகளைக் கொல்லும், அல்லது முடமாக்கும் நோய்கள். ஆறுக்கும் தடுப்பு மருந்து இருந்தது, விலையும் மலிவு. உலகச் சுகாதார நிறுவனம் 1974ஆம் ஆண்டிலேயே இம்மருந்துகளை எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் கொண்டு செல்லும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எனினும், 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வளரும் நாடுகளில் ஐந்து குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கே அவை கிட்டின. மருந்து இருந்தும் பிள்ளைகள் மடிந்ததற்குக் காரணம் என்ன?

பணக்குறைவு ஒரு காரணம். உதவி அமைப்புகள் தத்தம் வழியில் தனித்தனியே நடந்தது மற்றொரு காரணம். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தின் தலைவரான ஜேம்ஸ் கிராண்ட், சில எளிய முறைகளை உடனே எங்கும் பரப்ப வேண்டும் என்றார். உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரான ஹால்ப்டன் மாஹ்லர், அடிப்படைச் சுகாதாரச் சேவை முழுவதையும் படிப்படியாக வலுப்படுத்த வேண்டும் என்ற கருத்துடையவர். இரண்டும் நல்ல நோக்கங்களே. ஆனால் இரண்டு மாடுகளும் வெவ்வேறு திசையில் இழுத்தால் வண்டி நகருமா?

இருவரையும் ஒரு மேசையில் அமர்த்த ஒரு பொது இடம் தேவைப்பட்டது. 1984ஆம் ஆண்டு மார்ச் மாதம், உலகச் சுகாதார நிறுவனம், குழந்தைகள் நிதியம், உலக வங்கி, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றுடன் சேர்ந்து ராக்பெல்லர் அறவாரியம் பெல்லாஜியோவில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தைக் கண்ட அறிஞர் ஜோனஸ் சால்க்கும், மெக்னமாராவும் அதில் பங்குகொண்டனர். மாநாட்டின் முடிவில், ஐந்து அமைப்புகளும் இணைந்து ‘குழந்தை உயிர்காப்புப் பணிக்குழு’ ஒன்றை அமைத்தன. பெரியம்மை ஒழிப்பில் முன்னின்ற மருத்துவர் வில்லியம் பெகி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். முதற்கட்டமாகக் கொலம்பியா, இந்தியா, செனெகல் ஆகிய நாடுகளில் தடுப்பூசிப் பணியை விரைவுபடுத்த அக்குழு துணை நின்றது.

மாநாடு செய்வது என்ன?

இங்குச் சற்று நின்று சிந்திப்போம். பெல்லாஜியோ மாநாட்டிற்குச் சட்டம் இயற்றும் உரிமை இல்லை. எந்த நாட்டிற்கும் அது கட்டளையிட முடியாது. பின் அதன் பலம் எங்கிருந்து வந்தது? நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பொதுவான இடம். ஓர் அமைப்பின் அலுவலகத்தில் கூடினால் அது அவ்வமைப்பின் கூட்டமாகிவிடும், மற்றவர் விருந்தாளிகளாகிவிடுவர். அறவாரியத்தின் மாளிகையில் எல்லாரும் சமம்.

இரண்டாவது, முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர்களே வந்து அமர்ந்தமை. பிரதிநிதியை அனுப்பினால், “மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்” என்பார். தலைவரே வந்தால் அவ்விடத்திலேயே ஒப்புதல் பிறக்கும்.

மூன்றாவது, ஆதாரம். மாநாட்டிற்கு முன்பே கட்டுரைகள் எழுதப்பட்டு அனைவருக்கும் கிடைக்கச் செய்யப்படுகின்றன. எத்தனை குழந்தைகள், எந்த நோய், எவ்வளவு செலவு என்ற கணக்கு மேசைமேல் இருக்கும்போது, வெறும் வாதத்திற்கு இடம் குறைகிறது.

நான்காவதும் முதன்மையானதும், தொடர்பணி. மாநாடு கலைந்த மறுநாள் யார் என்ன செய்வது என்பதற்கு ஒரு குழு, அதற்கு ஒரு பொறுப்பாளர், அதற்கு ஒரு நிதி, அடுத்த கூட்டத்திற்கு ஒரு நாள் ஆகியவை குறிக்கப்பட்டன. அவ்வாறே 1985ஆம் ஆண்டில் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் கூடிக் கணக்குப் பார்த்தார்கள். 1988ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரான்சின் தலுவார் என்ற ஊரில் கூடியபோது, இளம்பிள்ளை வாதத்தை உலகிலிருந்தே ஒழிப்பது என்னும் இலக்கை அறிவித்தார்கள். இரண்டே மாதத்தில், மே 1988இல், பல நாட்டு அரசாங்கங்கள் அமர்ந்திருக்கும் உலகச் சுகாதாரப் பேரவை அவ்விலக்கைத் தீர்மானமாக ஏற்றது. சிறு மேசையில் பிறந்த கருத்து அரசாங்கங்களின் கொள்கையாக மாறிய விதம் இதுவே.

மக்கள் கை கொடுத்தனர்

கொள்கை காகிதத்தில் இருந்தால் போதாது. ஊசி குழந்தையின் கையை அடைய வேண்டும். அங்கேதான் பொதுமக்களின் பங்கு தொடங்குகிறது.

கொலம்பியாவில் 1984ஆம் ஆண்டில் மூன்று தேசியத் தடுப்பூசி நாட்கள் குறிக்கப்பட்டன. குடியரசுத் தலைவர் பெலிசாரியோ பெத்தான்கூர் தாமே முன்னின்றார். மருத்துவர்களோடு ஆசிரியர்கள், மாதாகோவில் குருமார்கள், காவல் படையினர், செஞ்சிலுவைச் சங்கத்தினர், வானொலி நிலையத்தார் ஆகியோரும் வீதியில் இறங்கினர். இந்தியாவில், 1985ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக விரிந்தது. உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த எல் சல்வடோரில், அதே 1985ஆம் ஆண்டில் மூன்று நாட்கள், பிள்ளைகளின் தடுப்பூசிக்காகவே அரசாங்கப் படையும் கிளர்ச்சிப் படையும் துப்பாக்கியைக் கீழே வைத்தன. அதற்குத் தூது நடந்தவர்களில் மாதாகோவில் பெரியோர்களும் இருந்தனர்.

இவ்வாறு பல நாடுகளின் உழைப்பால், 1990ஆம் ஆண்டளவில், உலகக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேருக்கு அடிப்படைத் தடுப்பூசி கிட்டியதாக அறிவிக்கப்பட்டது. 1988இல் ஆண்டுதோறும் சுமார் 350,000 குழந்தைகளை முடக்கிய இளம்பிள்ளை வாதம், பிற்காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டின் நிலை

மலேசியா இதில் பிறர் சொல்லக் காத்திருந்த நாடன்று. காசநோய்த் தடுப்பு 1961ஆம் ஆண்டிலும், இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து 1972ஆம் ஆண்டிலும், கல்லீரல் அழற்சி ‘பி’ வகைத் தடுப்பூசி 1989ஆம் ஆண்டிலும் நம் தேசியத் திட்டத்தில் இடம் பெற்றன. 2000ஆம் ஆண்டில், மலேசியாவை உள்ளடக்கிய மேற்குப் பசிபிக் வட்டாரம் இளம்பிள்ளை வாதம் அற்ற வட்டாரமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால், 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சபா மாநிலத்தின் துவாரானில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு அந்நோய் கண்டது. 27 ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டில் கண்ட முதல் நோயாளி அக்குழந்தை. மருந்து பெறாத பிள்ளைகள் ஓரிடத்தில் அதிகமாக இருந்தால், ஒழிந்ததாக எண்ணிய கிருமி மீண்டும் தலைதூக்கும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. சுகாதார அமைச்சு மேற்கொண்ட பெரும் தடுப்பு மருந்து இயக்கத்திற்குப் பின்னரே, 2021ஆம் ஆண்டில், அப்பரவல் முடிவுக்கு வந்தது.

தோட்டத்தில் இதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். லயத்து வீடுகள் நெருங்கியவை. ஆயாக் கொட்டகையில் பல வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாய் உறங்குகின்றன. ஒரு பிள்ளையின் இருமல் மறுநாள் ஐந்து பிள்ளைகளின் இருமலாகும். ஒரு தாய் தவறவிட்ட ஊசி அவள் பிள்ளைக்கு மட்டுமன்றி அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்கும் ஆபத்தாக முடியலாம்.

குறைகளும் உண்டு

நன்மையை மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையாகாது. அறவாரிய மாநாடுகளைப் பற்றி அறிஞர்கள் எழுப்பிய கேள்விகளையும் நாம் அறிய வேண்டும்.

அறவாரியத்தை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் சட்டமன்ற உறுப்பினரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை கேள்வி கேட்கலாம். அறங்காவலரைக் கேட்க முடியாது. பணமும் அழைப்பும் அவர்கள் கையில் இருப்பதால், எந்தப் பொருளைப் பேசுவது, யாரை அழைப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்கின்றனர். 1984ஆம் ஆண்டு மேசையில் பெரிய அமைப்புகளின் தலைவர்கள் அமர்ந்தனர். பிள்ளையை இடுப்பில் சுமந்து மருந்தகத்திற்கு நடக்கும் தாய்மாருக்கு அங்கே நாற்காலி இல்லை.

கொள்கையிலும் கருத்து வேறுபாடு இருந்தது. 1978ஆம் ஆண்டில் அல்மா ஆத்தா நகரில் கூடிய உலக மாநாடு, சுத்தமான குடிநீர், சத்துணவு, தாய் சேய் நலம் அனைத்தும் சேர்ந்த முழுமையான அடிப்படைச் சுகாதாரத்தை வலியுறுத்தியது. மறு ஆண்டே பெல்லாஜியோவில் நடந்த ஒரு கூட்டத்தில், பணம் குறைவாக இருப்பதால் சில முறைகளை மட்டும் முதலில் தேர்ந்து செய்யலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. “ஊசி போட்ட குழந்தை, அழுக்கு நீரைக் குடித்து வயிற்றுப்போக்கால் இறந்தால் பயன் என்ன?” என்பது இதை மறுத்தவர்களின் வாதம். இருக்கும் பணத்தில் இன்று காக்கக்கூடிய உயிரை நாளைக்கென்று விடலாமா என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. 1990க்குப் பின் வெளிநாட்டு நிதி குறைந்தபோது சில ஆப்பிரிக்க நாடுகளில் தடுப்பூசி அளவு சரிந்ததும் உண்மை. நாட்டின் சொந்தச் சேவை வலுவாக இல்லாவிடில், வெளியார் தந்த வேகம் நீடிப்பதில்லை.

நெல்லிலும் இவ்வாறே. புதிய நெல் நீரும் உரமும் நாடியது. வாய்க்காலும் கையில் பணமும் உள்ள விவசாயி முதலில் பயன் கண்டான். மானாவாரி நிலத்தை நம்பிய ஏழைக்கு அது எளிதில் எட்டவில்லை.

ஆகவே, மாநாட்டின் கருத்தை அப்படியே ஏற்பதும் சரியன்று. பணக்காரர் பேச்சு என்று ஒதுக்குவதும் சரியன்று. அதை நாட்டின் தேவையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, மக்களுக்குப் பொறுப்பான அரசாங்கம் முடிவெடுக்க வேண்டும். அரசாங்கம் சரியாக முடிவெடுக்க, மக்கள் தங்கள் நிலையைச் சரியாகத் தெரிவிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பெல்லாஜியோவில் நமக்கு நாற்காலி இல்லாவிடினும், தோட்டத்துக் கூட்டத்தில் உண்டு. தொழிற்சங்கக் கிளைக் கூட்டம், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், ஆலய நிர்வாகக் கூட்டம் ஆகியவையும் கொள்கை பிறக்கும் இடங்களே. மேலே கண்ட நான்கு பண்புகளையும் இங்கும் கைக்கொள்ளலாம்.

நம் தோட்டத்தில் மருந்தக வசதி போதவில்லை என வைத்துக்கொள்வோம். ஒரு தரப்பின் வீட்டுத் திண்ணையில் கூடாமல், பாலர் பள்ளியிலோ பொது மண்டபத்திலோ கூடுங்கள். மண்டோரையும் தோட்ட நிர்வாகியையும் சுகாதார இலாகா அதிகாரியையும் முறையாகக் கடிதம் எழுதி அழையுங்கள். அவர்கள் வருமுன் கணக்கெடுங்கள்: இரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை? அவர்களுள் ஊசி விட்டுப்போனவர் எத்தனை? மருந்தகம் எத்தனை கிலோமீட்டர்? நடமாடும் மருத்துவ வண்டி வரும் நேரத்தில் தாய்மார்கள் மரம் வெட்டும் வேலையில் இருக்கிறார்களா? “பிள்ளைகளுக்கு வசதியில்லை” என்ற முறையீட்டைவிட, “இருபத்துமூன்று பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு ஊசி விட்டுப்போயிற்று; வண்டி காலை ஒன்பது மணிக்கு வருகிறது, தாய்மார்கள் வீடு திரும்புவது பன்னிரண்டு மணிக்கு” என்ற கணக்கிற்கு அதிகாரி எளிதில் விடை கூற முடியும். வண்டியின் நேரத்தை மாற்றுவதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை.

அக்கூட்டத்தில் தாய்மார்களைப் பேசவிடுங்கள். ஆயாவையும் அழையுங்கள். பிள்ளையைப் பகல் முழுவதும் பார்ப்பவர் அவரே. முடிவை எழுதிக்கொள்ளுங்கள், இன்னார் இந்நாளுக்குள் இன்னதைச் செய்வார் எனக் குறியுங்கள், அடுத்த கூட்டத்தின் நாளையும் அன்றே முடிவு செய்யுங்கள். அந்நாளில் கூடி, செய்தது எது, செய்யாதது எது எனப் பாருங்கள்.

அரசாங்கமோ, ஆணைக்குழுவோ, அறவாரியமோ மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, சங்கத்தின் வழியாக எழுத்து மூலம் கருத்தை அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர், படித்த இளைஞரைக் கொண்டு எழுதச் செய்யலாம். மேசையில் நம் கணக்கும் இருந்தால்தான், மேலே எடுக்கும் முடிவில் நம் பிள்ளைகளுக்கும் இடமிருக்கும்.

இவை யாவற்றிற்கும் முன், இன்று மாலையே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வீட்டில் உள்ள பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எந்த மாதத்து ஊசி விட்டுப்போயிருக்கிறது என்பது அதில் தெரியும். விட்டுப்போனது தெரிந்தால், தயங்காமல் அண்மையிலுள்ள அரசாங்க மருந்தகத்தின் தாதியை அணுகுங்கள். காலம் தாழ்ந்துவிட்டதே என அஞ்ச வேண்டாம். எப்படித் தொடர்வது என்பதை அவர் விளக்குவார்.